ஷுகபேப்ஸ், கேர்ள்ஸ் அலவுட், லிட்டில் மிக்ஸ்: உலகம் தவறவிட்டது யாரை?

பிரிட்டனின் பெண்கள் பாப் குழு என்றதும் எந்த நாட்டிலும் முதலில் வரும் பெயர் ஸ்பைஸ் கேர்ள்ஸ். 1996-ல் 'வான்னபி' வெளிவந்தது, அடுத்த பிப்ரவரியில் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது. அதற்குப் பிறகு பிரிட்டனை ஆண்ட மூன்று குழுக்கள் உண்டு: ஷுகபேப்ஸ், கேர்ள்ஸ் அலவுட், லிட்டில் மிக்ஸ். மூன்றையும் கேட்டுப் பார்த்த பிறகு என் ஓட்டு ஷுகபேப்ஸுக்கு. மற்ற இரண்டும் சளைத்தவை அல்ல. ஆனால் கிடைக்க வேண்டிய பெயருக்கும் கிடைத்த பெயருக்கும் இடைவெளி பெரிதாக இருப்பது இவர்களிடம்தான்.

லிட்டில் மிக்ஸைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2011-ல் 'எக்ஸ் ஃபேக்டர்' டிவி பாட்டுப் போட்டியின் பிரிட்டிஷ் பதிப்பை வென்ற முதல் குழு. 2013-ல் அவர்களுடைய முதல் ஆல்பமான 'டிஎன்ஏ' அமெரிக்கப் பட்டியலில் நேரே 4-ஆம் இடத்தில் நுழைந்தது. ஸ்பைஸ் கேர்ள்ஸின் முதல் ஆல்பமே அங்கே 6-ஆம் இடத்தில்தான் நுழைந்திருந்தது. 2021-ல் பிரிட்டனின் இசை விருதான பிரிட் விருதில் சிறந்த குழுப் பரிசை வாங்கிய முதல் பெண்கள் குழுவும் இவர்களே. நான்கு பேராக இருந்த காலத்தில் நேரடி மேடையில் ஹார்மனி பிசகாமல் பாடினார்கள். இன்னும் பெயர் கிடைத்திருக்கலாம்தான். ஆனாலும் இவர்களை உலகம் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது.

கேர்ள்ஸ் அலவுட் விஷயம் வேறு. 2002 நவம்பர் இறுதியில் ஐடிவி தொலைக்காட்சிப் போட்டியில் உருவான ஐவர். முதல் பாட்டே அந்த ஆண்டின் கிறிஸ்துமஸ் முதலிடம். அதிலிருந்து 2009 வரை தொடர்ந்து 20 சிங்கிள்கள் முதல் பத்துக்குள். பாட்டுகளின் பின்னால் இருந்தது கென்ட் மாவட்டத்தின் வெஸ்டர்ஹாமில் பிரையன் ஹிக்கின்ஸ் நடத்திய ஸெனோமேனியா என்ற பாட்டுத் தயாரிப்புக் குழு. அவர்கள் வேலை செய்த விதம் தனி. முழுப் பாட்டை எழுதிக் கொடுத்துப் பாட வைப்பதில்லை. துண்டு துண்டாக மெட்டுகளைப் பாட வைத்து, பிறகு வெட்டி ஒட்டுவார்கள். 2005-ல் வந்த 'பயாலஜி'யைக் கேளுங்கள்: ப்ளூஸ் பியானோவில் தொடங்கி, ஒன்றுக்கொன்று ஒட்டாத மூன்று பகுதிகளைக் கடந்து, ஏறக்குறைய இரண்டு நிமிடம் போன பிறகுதான் பல்லவியே வருகிறது. பல்லவியை இவ்வளவு தள்ளிப்போட்டு ஹிட் கொடுப்பது பாப்பில் அபூர்வம்.

இவ்வளவு நல்ல பாட்டுகள் ஏன் கடல் தாண்டவில்லை? அந்த ஐவரின் புகழ் பாட்டோடு மட்டும் கட்டப்பட்டதல்ல. டிவி போட்டி, வாக்கெடுப்பு, பத்திரிகைகளின் முதல் பக்கம், யாரோடு யாருக்குத் திருமணம் என்ற செய்தி, எல்லாம் சேர்ந்துதான் அந்த ஈர்ப்பு. பிரிட்டனுக்கு வெளியே இருப்பவருக்கு இந்தப் பின்கதை கிடையாது. அவர்களின் பெரிய சுற்றுப்பயணங்களும் பிரிட்டன், அயர்லாந்தோடு நின்றன. பின்கதையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது தயாரிப்பாளரின் சாமர்த்தியம். பல பாட்டுகளில், ஐவரில் ஒருவரான நடீன் கோயலின் குரலைத் தவிர, இப்போது பாடுவது யார் என்று புதிதாகக் கேட்பவரால் சொல்ல முடியாது.

நான் ஷுகபேப்ஸ் பக்கம் சாய்வது இந்த ஒரு காரணத்தால்தான். பெயர், முகம், கிசுகிசு எதுவும் தெரியாத ஆளிடம் பாட்டை மட்டும் கொடுத்தால், குரல்களைப் பிரித்துச் சொல்ல முடிகிறதா? வெளிநாட்டுப் புகழுக்கு இதைவிட முக்கியமான பரீட்சை எனக்குத் தெரியவில்லை.

1998-ல் லண்டனில் சேர்ந்த மூவர்: மூட்யா புவெனா, கீஷா புகானன், ஷிவான் டொனஹி. 2000-ல் 'ஓவர்லோட்' வந்தபோது மூட்யாவுக்கு வயது 15. பாட்டை எழுதியவர்கள் பட்டியலில் மூவரின் பெயரும் இருக்கிறது. கூட இருந்தவர்களில் ஒருவர் மாஸிவ் அட்டாக் என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவின் முதல் ஆல்பத்தில் வேலை செய்த கேமரன் மெக்வே. ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டால் வித்தியாசம் உடனே பிடிபடும். மூட்யாவினுடையது அடித்தொண்டையிலிருந்து வரும், புகை படிந்த கனத்த குரல். கீஷா மேலே பளிச்சென்று நின்று ஆர் அண்ட் பி பிருகாக்களைப் போடுவார். ஷிவானுடையது மெல்லியது, அலங்காரமே இல்லாதது. பல்லவியில் மூன்றும் சேரும்போது ஒன்று மற்றொன்றை மூடுவதில்லை. நடுவில் பாப் பாட்டில் யாரும் எதிர்பார்க்காத ஒரு கிடார் சோலோ வேறு. பிரிட்டனில் 6-ஆம் இடம் பிடித்தது.

அடுத்து 2002-ன் 'ஃப்ரீக் லைக் மீ'. கேரி நியூமனின் பழைய சின்தசைசர் இசைமீது அடினா ஹவர்டின் ஆர் அண்ட் பி பாட்டை ஒட்டி ரிச்சர்ட் எக்ஸ் என்ற தயாரிப்பாளர் ஒரு கலவை செய்திருந்தார். அசல் குரலுக்கு அனுமதி கிடைக்காததால் ஷுகபேப்ஸ் புதிதாகப் பாடினார்கள். இரும்பைப் போன்ற அந்த இசைக்குமேல் மனிதச் சூடு உள்ள குரல்கள் ஏறி நிற்கின்றன. அதுதான் அவர்களின் முதல் முதலிடம். பிரிட்டனில் அவர்களுக்கு மொத்தம் ஆறு முதலிடங்கள், கேர்ள்ஸ் அலவுடுக்கு நான்கு, லிட்டில் மிக்ஸுக்கு ஐந்து. ஆறில் ஒன்று கேர்ள்ஸ் அலவுடோடு சேர்ந்தே 2007-ல் பாடிய தர்மநிதிப் பாட்டு.

பிறகு எங்கே கோட்டைவிட்டார்கள்? ஆள் மாற்றத்தில். 2001-ல் ஷிவான் விலகி ஹைடி ரேஞ்ச் வந்தார். 2005 டிசம்பரில் மூட்யா போய் அமெல் பெராபா. 2009-ல் கீஷாவும் போய் ஜேட் யூவன். ஒரு குழுவை வெளிநாட்டில் நிலைநிறுத்த ஒரே முகங்கள் ஐந்தாறு ஆண்டு திரும்பத் திரும்பப் போக வேண்டும். இங்கே ஒவ்வொரு முறையும் கணக்கு சைபரிலிருந்து தொடங்கியது. 'ஹோல் இன் தி ஹெட்' அமெரிக்க டான்ஸ் கிளப் பட்டியலில் முதலிடம், ஆனால் அங்கே முக்கியப் பாட்டுப் பட்டியலான ஹாட் 100-ல் 96-ஆம் இடம்தான். 'டூ லாஸ்ட் இன் யூ' 'லவ் ஆக்சுவலி' படத்தில் ஒலித்தது. பாட்டு காதில் விழுந்தது, பாடியவர்களின் பெயர் மனதில் நிற்கவில்லை.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது 2010-ன் 'ஸ்வீட் 7'. ரெட்ஒன், ஸ்டார்கேட் என்று அமெரிக்க வானொலிக்குப் பழகிய தயாரிப்பாளர்களைப் பிடித்தார்கள். ஆனால் அதற்குள் தொடங்கிய மூவரில் ஒருவர்கூடக் குழுவில் இல்லை. உலகச் சந்தையைக் குறிவைத்த ஆல்பத்தில், உலகம் அடையாளம் காணக்கூடிய குரல்கள் இல்லாமல் போயின. பிரிட்டனிலேயே 14-ஆம் இடத்தைத் தாண்டவில்லை.

புதிதாகக் கேட்கத் தொடங்குபவரும் இதே இடத்தில்தான் தடுமாறுவார். செயலியில் குழுவின் பெயரைத் தட்டினால் எல்லா அணிகளும் கலந்து வரும். அதனால் ஆல்பம் பார்த்துக் கேளுங்கள். முதலில் 'ஒன் டச்' (2000), முழுதாக. பிறகு 'ஏஞ்சல்ஸ் வித் டர்ட்டி ஃபேசஸ்' (2002), 'த்ரீ' (2003). அடுத்தது 'டாலர் இன் மோர் வேஸ்' (Taller in More Ways), இதில் கவனம் தேவை: 2005 பதிப்பில் மூட்யா பாடியிருக்கிறார், 2006-ல் மறுபடி வெளியிட்டபோது 'ரெட் டிரெஸ்' உள்ளிட்ட சில பாட்டுகளை அமெலின் குரலில் மாற்றிவிட்டார்கள். பட்டியலில் 'நவ் யூ ஆர் கான்' இருந்தால் அது மறுபதிப்பு. பழைய சிடி வாங்குபவர்கள் பின்னட்டையைப் புரட்டிப் பார்த்தே வாங்க வேண்டும். முடிந்தால் 'ரெட் டிரெஸ்'ஸின் இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்து கேளுங்கள். இசையில் பெரிய மாற்றமில்லை, ஆனால் அடியில் இருந்த கனம் போய்விட்டது தெரியும். அமெல் நன்றாகவே பாடுகிறார், குறை அவரிடம் இல்லை. 2006-ன் தொகுப்பு ஆல்பம் குறுக்கு வழிக்கு உதவும், ஆனால் அதில் 'அபவுட் யூ நவ்' இருக்காது. அது 2007-ல் வந்த 'சேஞ்ச்' ஆல்பத்துப் பாட்டு.

இப்போது இவர்களைப் பற்றிப் பேசக் காரணம் உண்டு. குழுவின் பெயரை மீட்டுக்கொண்டு, அதைத் தொடங்கிய மூவரும் திரும்பிவிட்டார்கள். 2022-ல் கிளாஸ்டன்பரி இசை விழாவின் அவலான் மேடைப் பகுதியில் கூட்டம் தாங்காமல் நுழைவை நிறுத்தினார்கள். 2024-ல் அதைவிடப் பெரிய வெஸ்ட் ஹோல்ட்ஸ் மேடையிலும் அதேதான். 2022 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் வெளியான 'தி லாஸ்ட் டேப்ஸ்', மூவரும் வேறு பெயரில் இயங்கியபோது பதிவுசெய்து கிடப்பில் கிடந்த பாட்டுகளின் தொகுப்பு. அதில் 'ஃப்ளாட்லைன்' கேளுங்கள், மூன்று குரல்களின் அந்த அடுக்கு அப்படியே இருக்கிறது.

ஃப்ளோ என்ற புதிய பிரிட்டிஷ் பெண்கள் குழுவையும் சேர்த்திருக்கலாமே என்பார்கள். 2023-ல் பிரிட் ரைசிங் ஸ்டார் விருது வாங்கிய முதல் குழு, மூன்று குரல்களும் அருமை. ஆனால் 2024 நவம்பரில்தான் முதல் ஆல்பம் வந்தது. ஒரே ஆல்பத்தை வைத்து இருபது ஆண்டுப் பாட்டுகளோடு ஒப்பிடுவது அவசரம். மூன்றாவது ஆல்பம் வரட்டும், அதே பரீட்சையை அவர்களுக்கும் வைக்கலாம்.