ட்ரிகரா, ரெட் டாட்டா, எடையா? போட்டித் துப்பாக்கியில் முதலில் எதை மாற்றுவது

கைத்துப்பாக்கியால் பல இலக்குகளை வேகமாகவும் குறி தவறாமலும் சுடும் ப்ராக்டிகல் ஷூட்டிங் போட்டிக்குப் புதிதாக வருபவர் இரண்டு மூன்று போட்டி முடிந்ததும் கேட்கும் முதல் கேள்வி அநேகமாக இதுதான்: "ட்ரிகரை மாற்றிவிடட்டுமா?" நானும் கேட்டேன், மாற்றவும் செய்தேன். இன்று யாராவது என்னிடம் கேட்டால், மாற்றுங்கள், ஆனால் கடைசியாக என்பேன். அதற்கு முன் மாற்ற வேண்டியவை வேறு இருக்கின்றன. ஏன் என்பதற்கு ஒரு ஸ்கோர் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

இந்த விளையாட்டில் புள்ளியை நேரத்தால் வகுப்பார்கள். வரும் எண்ணுக்கு ஹிட் ஃபேக்டர் என்று பெயர். அட்டை இலக்கின் நடுவிலுள்ள ஏ பகுதிக்கு 5 புள்ளி. அதைச் சுற்றியுள்ள சி பகுதிக்கு, 9 மிமீ தோட்டாவால் குறைந்த சக்திக்கான 'மைனர்' பிரிவில் சுடுபவருக்கு 3. ஓரத்து டி பகுதிக்கு 1. குண்டு அட்டையிலேயே படவில்லை என்றால் 10 புள்ளி கழியும்.

24 தோட்டா கேட்கும் ஒரு ஸ்டேஜ் (போட்டியின் ஒரு சுற்று) என்று வைத்துக்கொள்வோம். 18 ஏ, 6 சி அடித்து 20 விநாடியில் முடித்தீர்கள். புள்ளி 108, ஹிட் ஃபேக்டர் 5.4. இப்போது மூன்று மாற்றங்களைத் தனித்தனியாகப் பார்ப்போம். ட்ரிகரை மாற்றியதால் ஓர் இலக்குக்கு இரண்டு என்ற ஒவ்வொரு இரட்டைச் சூட்டிலும் 0.02 விநாடி மிச்சம் என்று தாராளமாகவே வைப்போம். 12 இலக்குக்கும் சேர்த்து கால் விநாடிகூட வராது, ஹிட் ஃபேக்டர் 5.47 ஆகும். ஆறு சி-யில் நான்கு ஏ ஆகிவிட்டால் 116 புள்ளி, 5.8. அதுவே 18 ஏ-யில் ஒன்று குறி தவறிப் போனால் 93 புள்ளி, 4.65. ஒரே ஒரு மிஸ், கிட்டத்தட்ட இரண்டே முக்கால் விநாடிக்குச் சமம்.

ஆக, ஒரு பாகத்தை வாங்குமுன் கேட்க வேண்டியது, இது என் மிஸ்களைக் குறைக்குமா, சி-க்களை ஏ ஆக்குமா, நேரத்தை மிச்சம் பிடிக்குமா என்பதுதான். மூன்றையும் செய்யும் பாகம் எதுவும் கிடையாது.

விதிப் புத்தகம் முதலில்

இந்த விளையாட்டை உலக அளவில் நடத்தும் ஐபிஎஸ்சி 1976-ல் ஜெஃப் கூப்பரை முதல் தலைவராகக் கொண்டு தொடங்கிய அமைப்பு. துப்பாக்கிகளை அது வகைப்படுத்தும் பிரிவுகள்தான் உங்கள் கையைக் கட்டிப்போடுபவை. புரொடக்‌ஷன் பிரிவில் பேரல் 127 மிமீ-க்கு மேல் போகக் கூடாது, தொடக்க ஒலி கேட்கும்போது மேகசினில் 15 தோட்டாவுக்கு மேல் இருக்கக் கூடாது, ட்ரிகருக்குக் குறைந்தபட்ச எடை (அழுத்தத் தேவையான விசை) உண்டு. ரெட் டாட் (குறிபார்க்கச் சிறு கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டும் கருவி) பொருத்திய அன்றே அதிலிருந்து புரொடக்‌ஷன் ஆப்டிக்ஸுக்குப் போய்விடுவீர்கள். பேரல் முனையில் வாயுவைத் திருப்பிவிட்டு உதையைக் குறைக்கும் காம்பென்சேட்டர் ஏற்றினால் நேராக ஓபன் பிரிவு. அங்கே 170 மிமீ நீள மேகசினும், ஃபிரேமிலேயே (துப்பாக்கியின் அடிச்சட்டத்திலேயே) பொருத்திய, குறிபார்க்கும் சைட்டுமாக வருபவர்கள் உங்களுக்காகக் காத்திருப்பார்கள். ஆசைப்பட்டு ஒரு பாகத்தை மாட்டிவிட்டு, போட்டிப் பதிவு மேசையில் "நீங்கள் ஓபன்" என்று கேட்டு முகம் சுருங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். தேசிய விதிகள் வேறாக இருக்கும், ஆண்டுக்காண்டு திருத்தமும் வரும். நடப்புப் பதிப்பைப் படித்துவிட்டே பர்ஸைத் திறங்கள்.

ட்ரிகர்

இதன் கவர்ச்சி புரிகிறது. கடைசிவரை மணலில் இழுப்பதுபோல் வரும் ட்ரிகரையும், கண்ணாடிக் குச்சி முறிவதுபோல் சட்டென்று விடும் ட்ரிகரையும் அடுத்தடுத்து அழுத்திப் பார்த்தவருக்குப் பழையதன்மேல் மனம் போகாது. 20, 25 மீட்டரில் இருக்கும் இலக்குக்கு நல்ல ட்ரிகர் நிச்சயம் உதவும். 7 மீட்டரில்? விரலை வெடுக்கென்று இழுப்பவர் லேசான ட்ரிகரிலும் வெடுக்கென்றுதான் இழுப்பார். குண்டு இடது கீழே போவது கொஞ்சம் குறையலாம், நிற்காது.

பின்னால் சுத்தியல்போல் அடிக்கும் ஹேமர் உள்ள சிஸெட் ஷேடோ 2, டான்ஃபோக்லியோ வகைகளுக்கும், ஹேமருக்குப் பதில் உள்ளேயே ஸ்பிரிங் தள்ளும் ஊசி உள்ள ஸ்ட்ரைக்கர் வகையான கிளாக்குக்கும் இதில் கணக்கு வேறு. முதல் வகையில் முதல் சூடு டபுள் ஆக்‌ஷன். நீண்டு, கனமாக வரும். அடுத்தவை சிங்கிள் ஆக்‌ஷன், குட்டையாக, லேசாக. புரொடக்‌ஷனில் அந்த முதல் சூட்டுக்கு 2.27 கிலோ இருக்க வேண்டும், அல்லது எல்லாச் சூட்டுக்கும் 1.36 கிலோ இருக்க வேண்டும். ஹேமர்காரர் முதல் ஒரு சூட்டைச் சமாளித்துவிட்டால் மீதி 23-ம் வெண்ணெய். ஸ்ட்ரைக்கர்காரருக்கு எல்லாமே ஒரே மாதிரி. வெண்ணெய் இல்லை, ஆனால் அதிர்ச்சியும் இல்லை.

நான் செய்த தப்பு ஹேமர் ஸ்பிரிங்கில். ஆகக் குறைந்த எடையுள்ளதைப் போட்டேன். பயிற்சித் திடலில் 300 தோட்டா தேன்போல ஓடின. போட்டி நாளில் கையிலிருந்தது வேறு தயாரிப்புத் தோட்டா, அதன் பிரைமர் (தோட்டாவின் அடியில், அடி பட்டதும் தீப்பற்றும் மூடி) கடினம். ஒரே ஸ்டேஜில் மூன்று முறை 'டிக்'. வெடிக்கவில்லை. ஸ்லைடை (துப்பாக்கியின் நகரும் மேல்பாகத்தை) இழுத்து, தோட்டாவை உதறி, மறுபடி குறிபார்த்து முடிப்பதற்குள் டைமரில் கூடியது ஐந்து விநாடிக்கு மேல். பிரைமர்களை எடுத்துப் பார்த்தேன். நகத்தால் லேசாக அழுத்தியதுபோல் ஒரு சின்னப் பள்ளம், அவ்வளவுதான். கால் விநாடியை மிச்சம் பிடிக்கப் போய் ஐந்து விநாடியைக் கொட்டிவிட்டு வந்தேன்.

இன்னொன்று, இது விளையாட்டல்ல. ட்ரிகர் வேலையை யூடியூப் பார்த்து வீட்டு மேசையில் செய்யாதீர்கள். தெரிந்த ஆர்மரரிடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம்) கொடுங்கள். திரும்பி வந்ததும், தோட்டா இல்லாத துப்பாக்கியில் ஸ்லைடைப் பலமுறை வேகமாக விட்டுப் பாருங்கள். ஹேமர் ஸ்லைடோடு கூடவே விழுந்தால் அதில் ஒரு தோட்டாகூடப் போடக் கூடாது. போட்டியில் தவறிப்போய் ஒரு குண்டு வெடித்தாலே தகுதிநீக்கம், அன்றைய போட்டி அத்தோடு சரி. திடலில் நிற்பவர்களுக்கு ஆகக்கூடியது அதைவிடப் பெரிது.

ரெட் டாட்

நாற்பதைத் தாண்டியவர் என்றால் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். வழக்கமான சைட்டில் பின் சைட், முன் சைட், இலக்கு என மூன்று தூரங்கள். கண் ஒன்றில்தான் கூர்மையாக நிற்கும், நிற்க வேண்டியது முன் சைட்டில். படிக்கும் கண்ணாடி தேவைப்படும் வயதில் முன் சைட் பஞ்சுபோல் தெரியும். ரெட் டாட்டில் இலக்கை மட்டும் பார்த்தால் போதும், புள்ளி அதன்மேல் வந்து உட்காரும். எனக்கு 20 மீட்டர் இலக்குகளில் சி குறைந்து ஏ கூடியது ட்ரிகராலல்ல, இதனால்தான்.

இதில் யாரும் முன்கூட்டிச் சொல்லாத பலன் ஒன்று உண்டு. புள்ளி பொய் சொல்லாது. டிரை ஃபயர் (தோட்டா இல்லாமல் ட்ரிகரை அழுத்திப் பழகுவது) செய்யும்போது விரல் செய்யும் குற்றமெல்லாம் புள்ளியின் நடுக்கமாகக் கண்முன் தெரியும். முன் சைட்டில் மறைந்திருந்த என் வெடுக்கு இழுப்பை முதன்முதலாகக் கண்ணால் பார்த்தது புள்ளியில்தான். ட்ரிகரை மாற்றி மூடிமறைக்க நினைத்த பழக்கத்தை இது காட்டிக்கொடுத்துவிட்டது.

விலையும் உண்டு, பணத்தைச் சொல்லவில்லை. முதல் சில வாரம் துப்பாக்கியை உருவி நீட்டினால் புள்ளி இருக்காது. கண்ணாடிக்குள் அதைத் தேடித் துப்பாக்கி மூக்கை மேலும் கீழும் ஆட்டுவீர்கள். அந்த அரை விநாடி ஒவ்வொரு ஸ்டேஜின் தொடக்கத்திலும் போகும். தினம் பத்து நிமிடம், வெற்றுத் துப்பாக்கியோடு சுவரைப் பார்த்து உருவிப் பழகினால்தான் சரியாகும். அப்புறம், புள்ளி பேரலுக்கு மேலே சில செ.மீ உயரத்தில் இருக்கிறது. ஆகவே 3 மீட்டரில் பாதி மறைத்த இலக்கில் புள்ளியை ஓரத்தில் வைத்தால் குண்டு அதற்குக் கீழே போய்ப் படும். முதல் போட்டியிலேயே சுடக் கூடாத வெள்ளை அட்டையில் ஓட்டை போட்டு இதைக் கற்றுக்கொண்டேன்.

புள்ளியின் அளவு? எம்ஓஏ என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. 6 எம்ஓஏ புள்ளி 25 மீட்டரில் சுமார் 4.4 செ.மீ மறைக்கும், 3 எம்ஓஏ அதில் பாதி. ஏ பகுதியின் அகலமே சுமார் 15 செ.மீ, அதனால் பெரிய புள்ளிக்குப் பயப்பட வேண்டியதில்லை. வேகமாகக் கண்ணில் படும்.

ஸ்லைடில் ஏற்றிய எதுவும் ஒவ்வொரு சூட்டிலும் முன்னும் பின்னும் அடிபடுகிறது, திருகு தளரும். தளர்ந்ததும் புள்ளி எரிந்துகொண்டுதான் இருக்கும், குண்டு வேறெங்கோ போகும். திருகுத் தலையிலிருந்து தட்டுவரை மார்க்கர் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கோடு விலகியிருந்தால் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

இதற்கு நடுவழி ஃபைபர் ஆப்டிக் முன் சைட். வெளிச்சத்தில் பிரகாசிக்கும், பிரிவு மாறாது, பேட்டரி வேண்டாம். கண் நன்றாக இருப்பவருக்கு இதுவே போதும் என்றுதான் சொல்வேன்.

எடை

இங்கே விளக்கம் பள்ளிக்கூட இயற்பியல். 124 கிரெய்ன் குண்டு என்றால் 8 கிராம். அது 320 மீ/வி வேகத்தில் போனால், அதே உந்தம் பின்னோக்கித் துப்பாக்கிக்கு வரும். வாயுவின் பங்கை விட்டுவிடுவோம். தோட்டா நிரப்பிய கிளாக் 17 சுமார் 900 கிராம், அது பின்னால் வரும் வேகம் ஏறக்குறைய 2.9 மீ/வி. நிரப்பிய ஷேடோ 2 ஒன்றரைக் கிலோ, அதில் 1.7. உதையில் இந்த வித்தியாசத்தை எந்த ட்ரிகர் கிட்டாலும் தர முடியாது. ப்ளாஸ்டிக் ஃபிரேமில் எடை கூட்டும் கைடு ராடு (ஸ்லைடு ஸ்பிரிங்கைத் தாங்கும் கம்பி), ஃபிரேம் எடை எதுவானாலும் கொஞ்சம் உதவும், அதுவும் பிரிவின் விதி விட்டால்தான். எஃகு ஃபிரேமை எட்டிப் பிடிக்காது.

அதற்காக எஃகுதான் சிறந்தது என்று சொல்லிவிட மாட்டேன். கனமான துப்பாக்கியை ஓர் இலக்கிலிருந்து அடுத்ததற்குக் கொண்டுபோகும்போது கிளம்பவும் சோம்பல், நிற்கவும் சோம்பல். இலக்கைத் தாண்டிப் போய்த் திரும்பி வருவீர்கள். ஒற்றைக் கையில் சுடச் சொல்லும் ஸ்டேஜில் மணிக்கட்டு கதை சொல்லும். மணிக்கட்டு வலு குறைந்தவருக்கு லேசான துப்பாக்கியும் நல்ல பிடியுமே நல்ல ஸ்கோர் தருவதைப் பார்த்திருக்கிறேன்.

பின்னால் போன ஸ்லைடை முன்னுக்குத் தள்ளும் ரிக்காயில் ஸ்பிரிங்கும் இதில்தான் சேர்த்தி. மிகக் கனமானதைப் போட்டால் ஸ்லைடு மூடும்போது மூக்கு கீழே குத்தும். ஸ்ட்ரைக்கர் துப்பாக்கியில் மிக லேசானதைப் போட்டால், ட்ரிகரை அழுத்தும்போது ஸ்ட்ரைக்கர் ஸ்பிரிங்கே ஸ்லைடைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துவிடும். படிப்படியாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் நூறு தோட்டாவாவது சுட்டுப் பார்க்க வேண்டிய வேலை இது.

பலர் மறந்துவிடும் மாற்றம் தோட்டா. மைனருக்கு வேண்டிய பவர் ஃபேக்டர் 125. குண்டின் கிரெய்ன் எடையை அடி/விநாடி வேகத்தால் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் வருவது. 124 கிரெய்ன் 1050-ல் போனால் 130.2. 147 கிரெய்ன் 890-ல் போனால் 130.8. ஸ்கோருக்கு இரண்டும் ஒன்றே. கைக்கு ஒன்றல்ல. கனமான குண்டுக்கு மருந்து குறைவாகப் போதும், வாயு உதை குறையும், 'டப்' என்று அடிப்பதற்குப் பதில் தள்ளுவதுபோல் இருக்கும். துப்பாக்கியில் ஒரு திருகைக்கூடத் தொடாமல் கிடைக்கும் மாற்றம். ஆனால் 125-க்கு ஒட்டினாற்போல் வைத்துக்கொள்ளாதீர்கள். போட்டியில் வேகமானியில் அதற்குக் கீழே வந்தால் ஸ்கோரே கிடையாது.

சரி, என் வரிசை. ப்ளாஸ்டிக் ஃபிரேம் வைத்திருப்பவர் பிடிக்கு ஒட்டும் கிரிப் டேப்பும், தனக்குப் பொருந்தும் பின்பட்டையும் போட்டு, 147 கிரெய்னுக்கு மாறி, அடுத்து சைட்டில் கை வைக்கட்டும். கண் சரியில்லையென்றால் ரெட் டாட், சரியென்றால் ஃபைபர். எஃகு துப்பாக்கிக்காரருக்கு எடை ஏற்கெனவே இருக்கிறது, நேராக சைட்டுக்குப் போகலாம். ட்ரிகர் அதற்கப்புறம், அதுவும் சொரசொரப்பை நீக்கும் மெருகு வேலை மட்டும். எடையைக் குறைப்பது அல்ல. முழுத் துப்பாக்கியையே மாற்றுவதென்றால் ஹோல்ஸ்டர், மேகசின், மேகசின் பை எல்லாம் கூடவே மாறும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

எந்த ஸ்பிரிங்கைக் கழற்றினாலும் பழையதை ஒரு சின்ன டப்பாவில் போட்டு எடையை எழுதி ஒட்டி, போட்டிப் பையிலேயே வையுங்கள். அந்த மூன்று 'டிக்'குக்குப் பிறகு நான் அடுத்த ஸ்டேஜுக்குள் பழைய ஹேமர் ஸ்பிரிங்கை மாட்ட நினைத்தேன். அது வீட்டு அலமாரியில் இருந்தது.