கேமரா வாடகைக்கு எடுக்கும் மாணவர்களுக்கு: எங்கள் 30,000 ரூபாய் போன விதம்

சென்னையில் வடபழனி, சாலிகிராமம் பக்கம் கேமரா வாடகைக்கு எடுக்கப் போகும் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மாணவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். டெபாசிட்டாகக் கொடுத்த 30,000 ரூபாயை ஒரு வாடகைக் கடைக்காரர் விழுங்கிவிட்டார். இன்று மதியம் "இனிமேல் போன் செய்யாதீர்கள்" என்று சொல்லிப் போனை வைத்தவர், எங்கள் எல்லோருடைய எண்களையும் தடை செய்துவிட்டார். கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன். எப்படித் தப்பிப்பது என்பதையும் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

இறுதியாண்டுக் குறும்படம் எங்களுடையது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியுமுன் ஏலத்தில் மீன் எடுத்து, தெருத்தெருவாக விற்கும் ஒரு பெண்ணின் ஒரு நாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, அந்தக் கூட்டமும் இரைச்சலும் இருக்காது. தடைக்கு முந்தைய வார இறுதியை விட்டால் எங்களுக்குப் படமே இல்லை. இதைக் கடைக்காரரிடமும் சொல்லியிருந்தோம்.

அவர் எங்களை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். "நானும் உதவி இயக்குநராக அலைந்தவன்தான் தம்பி. மாணவர்கள் வயிற்றில் அடிக்க மாட்டேன்" என்றார். சோனி எஃப்எக்ஸ்3 கேமராவை எங்கள் ஒளிப்பதிவாளன் கையில் கொடுத்து, முழங்கையை எப்படி உடம்போடு ஒட்டிப் பிடிக்க வேண்டும் என்று தோளைத் தொட்டுக் காட்டினார். எங்களுக்கு யாருமே அப்படிச் சொல்லிக் கொடுத்ததில்லை. வாடகை தனி, டெபாசிட் 30,000 ரூபாயை அந்த மேசையிலேயே ரொக்கமாக எண்ணி வைத்தோம். அதில் ஒருத்தியின் தேர்வுக் கட்டணம் இருந்தது. ஒருவன் கல்யாண வீடுகளில் விளக்குப் பிடித்துச் சம்பாதித்த காசும் இருந்தது.

முதல் காலையிலேயே தொல்லை தொடங்கியது. முழுதாக சார்ஜ் காட்டிய பேட்டரி அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. ஐஸ் கடையில் கெஞ்சி மின்சாரம் வாங்கி மாற்றி மாற்றி சார்ஜ் போட்டோம். டிரைபாட் தலை ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டே இருந்ததால், வலை பின்னும் ஒரு பெரியவர் கயிறு கொடுத்து அவரே இறுக்கிக் கட்டினார். மைக்கில் கரகரவென்ற சத்தம் மட்டுமே வந்தது. நடிகையின் புடவை மடிப்பில் செல்போனை ஒளித்துவைத்து, பிறகு படத்தோடு ஒலியைப் பொருத்துவதற்காகக் கிளாப் அடித்து ஒலிப்பதிவு செய்தோம். எல்.இ.டி. விளக்கு பாதியில் அணைந்துவிட, தெர்மாகோல் அட்டையால் வெயிலைத் திருப்பி முகத்துக்கு ஒளி கொடுத்தோம். கடைக்குப் போன் போட்டால், "சமாளியுங்கள் தம்பி, சினிமா என்றால் அப்படித்தான்" என்றார். சமாளித்தோம். படம் முடிந்தது, நன்றாகவும் வந்திருக்கிறது. அந்தப் பெருமையை இந்த ஆள் எங்களிடமிருந்து பறிக்க முடியாது.

பொருள்களைத் திருப்பிக் கொடுத்தபோது எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்து, "சரியாக இருக்கிறது, டெபாசிட் நாளைக்கு யூபிஐயில் வரும்" என்றார். மறுநாள் வங்கி சர்வர் வேலை செய்யவில்லையாம். பிறகு பங்குதாரர் ஊரில் இல்லையாம். அதன்பின் போனை எடுத்த பையன், "அண்ணன் ஷூட்டிங்கில் இருக்கிறார்" என்றான். நேரில் போனால், "பெண் பிள்ளைகளையெல்லாம் எதற்குக் கூட்டி வந்தீர்கள், சண்டைக்கா?" என்று கேட்டார். 30,000 ரூபாயைத் திருப்பிக் கேட்பது சண்டையா?

கடைசியில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. வெள்ளைச் சுவர், அதில் மங்கலான கரும்புள்ளிகள். "உப்புக்காற்றில் சென்சார் போய்விட்டது, டெபாசிட் அதற்கே போதாது." சென்சார் என்பது கேமராவுக்குள் படத்தைப் பதிவுசெய்யும் பகுதி. இங்கேதான் அவர் மாட்டிக்கொண்டார். கடை வாசலிலேயே எங்கள் ஒளிப்பதிவாளன் சோதனைக்காக வானத்தை எஃப் 16 அபர்ச்சரில், அதாவது லென்ஸ் துளையை நன்றாகச் சுருக்கி, எடுத்து வைத்திருந்தான். அதே புள்ளிகள் அதே இடங்களில் இருக்கின்றன. காசிமேட்டுக் காற்று படுவதற்கு முன்பே இருந்தவை! அபர்ச்சரைத் திறந்து எடுத்த காட்சிகளில் அவை தெரியவே இல்லை. சென்சார் மேல் தூசி படிந்தால் அப்படித்தான் ஆகும். இரண்டு படங்களையும் அனுப்பி, சர்வீஸ் சென்டர் பில்லைக் காட்டுங்கள் அண்ணா என்று கேட்டோம். பில் வரவில்லை. எண்களைத் தடை செய்ததுதான் பதில்.

விரிவாக எழுதுகிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. கடையை விட்டு வெளியே வருமுன் எஃப் 16இல் வெள்ளைச் சுவரை எடுத்து, அங்கேயே கடைக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். டெபாசிட்டை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். திருப்பிக் கொடுக்கும்போது "சரியாகப் பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்து வாங்காமல் நகராதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. நாங்கள் 1915இல் புகார் கொடுத்துவிட்டோம். அந்த 30,000 ரூபாயை விடப்போவதில்லை.