எட்டு மாடியா, தெருமுனைக் கிளையா?

சென்னை கோட்டூர்புரத்தில் எட்டு மாடி அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010-இல் வந்தது. மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023-இல். இரண்டும் பெருமைப்படத்தக்க கட்டடங்கள்தான். ஆனால் இனிமேல் ஊருக்கு உதவப்போவது இந்த வகையா, தெருமுனைக் கிளை நூலகமா என்று கேட்டால் நான் கிளை நூலகத்தின் பக்கம். அதுவும் ஒரு நிபந்தனையோடு.

பெரிய நூலகத்தின் பலம் அதன் அலமாரி மட்டும் இல்லை. அண்ணா நூலகத்தில் பிரெயில் பிரிவு இருக்கிறது. சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து படிக்கவே தனி இடமும் உண்டு. டிஎன்பிஎஸ்சி கைடும் தண்ணீர் பாட்டிலுமாக வருகிறவர்களுக்கு வேண்டியது நாற்காலி, மின்விசிறி, தொந்தரவில்லாத நாலு மணி நேரம். நூலகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதற்கு இதைவிட வேறு அடையாளம் வேண்டாம்.

கொளத்தூரில் 2024-இல் திறந்த முதல்வர் படைப்பகம் இதையே இன்னும் ஒரு படி கொண்டுபோயிருக்கிறது. படிக்க ஒரு பகுதி, மடிக்கணினியோடு உட்கார்ந்து வேலை பார்க்க ஒரு பகுதி. நல்ல யோசனை. கட்டணம் உண்டு என்பதுதான் எனக்கு இடிக்கிறது. சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியும் கட்டிக்கொண்டுதானே இருக்கிறோம்!

வீடு தேடிப் போகும் வழி மூன்றாவது. 'நூலக நண்பர்கள்' திட்டத்தில் தன்னார்வலர்கள் புத்தகத்தை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். மூட்டுவலியோடு இருக்கும் பாட்டிக்கு எட்டு மாடி இருந்தென்ன, இரண்டு படி இருந்தென்ன? இது புது யோசனையும் இல்லை. 1931-லேயே மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகப் போயிருக்கிறார்கள்.

மின்நூலகமா? பழைய நூல்களுக்கு அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. 1981-இல் எரிந்த யாழ்ப்பாண நூலகத்தை நினைத்தால், பிரதி எடுத்து வைப்பதன் அருமை புரியும். ஆனால் பதிப்புரிமை உள்ள புது நாவல் அதில் கிடைக்காது. உட்கார இடமும் கிடைக்காது.

சரி, கிளை நூலகத்துக்கு வருவோம். எங்கள் ஊர்க் கிளையில் காலையில் ஒரே தினசரியை நாலு பெரியவர்கள் தாள் தாளாகப் பிரித்துப் படிப்பார்கள். இரவல் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டிய சீட்டில் தேதி முத்திரை விழும் சத்தம் தெரு வரை கேட்கும். நடந்து போகிற தூரம், காசு கிடையாது, நூலகருக்கு நம் பெயர் தெரியும். பெரிய கட்டடம் எதுவும் இதைத் தர முடியாது.

கோளாறு கடிகாரத்தில்தான். மதியம் பூட்டு, வெள்ளிக்கிழமை பூட்டு, சாயங்காலம் ஏழு மணிக்குச் சாவிக்கொத்துச் சத்தம். வேலைக்குப் போகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்குவதே அந்த நேரத்தில்தான். என் நிபந்தனை இதுதான்: இன்னொரு மாடி கட்டுகிற பணத்தில் இன்னொரு ஷிப்டுக்கு ஆள் போடுங்கள், ராத்திரி பத்து மணி வரை திறந்து வையுங்கள்.

தேவை இல்லாமல் இதைச் சொல்லவில்லை. எங்கள் கிளைக்கு எதிரே, மருந்துக் கடை மாடியில் யாரோ ஒருவர் 'ரீடிங் ஹால்' போட்டிருக்கிறார். மாசக் கட்டணம். நூலகம் பூட்டியதும், அதுவரை அங்கே உட்கார்ந்திருந்த அதே பையன்கள் அதே கைடைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து அந்த மாடிப்படி ஏறுகிறார்கள்.