"தற்காப்பு ஸ்ட்ரோப் டார்ச்" வாங்கப் போகிறீர்களா? ரூ.5,600 தொலைத்தவன் எழுதுகிறேன், ஒரு நிமிடம் படித்துவிட்டுப் போங்கள்

கடையில் இருந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். கோபம் ஆறிவிட்டால் "போய்த் தொலையட்டும்" என்று விட்டுவிடுகிற ஆள் நான். அதனால் சூட்டோடு எழுதிவிடுகிறேன்.

ரூ.5,600. இரண்டு டார்ச் லைட்டுக்கு. சாதாரண டார்ச் இல்லையாம், "பெண்கள் தற்காப்பு டார்ச்". விட்டு விட்டு மின்னுகிற ஸ்ட்ரோப் வெளிச்சத்தை முகத்தில் அடித்தால் எதிரே நிற்கிறவன் கண் தெரியாமல், தலை சுற்றி, அப்படியே உட்கார்ந்துவிடுவானாம். கடைப் பெயரைப் போடப் போவதில்லை. சிசிடிவி கேமரா, கேட் பூட்டு, அலாரம் எல்லாம் விற்கிற கடை. உங்கள் ஊரிலும் இப்படி ஒன்று இருக்கும்.

என் மனைவி தனியார் மருத்துவமனையில் நர்ஸ். செகண்ட் ஷிஃப்ட் முடிந்தால் கடைசி டவுன் பஸ்ஸில் இறங்கி, காலி மனைகளுக்கு நடுவே நடந்து வரவேண்டும். நான் போய்க் கூட்டி வர முடியாத நாட்களும் உண்டு. எங்கள் பகுதியில் சமீபத்தில்தான் ஒரு அம்மாவின் தாலிச் சங்கிலியை பைக்கில் வந்தவர்கள் அறுத்துக்கொண்டு போனார்கள். மகள் வேறு வெளியூரில் ஹாஸ்டலில் இருக்கிறாள். சரி, ஆளுக்கு ஒன்று வாங்கிவிடலாம் என்று போனோம்.

கடைக்காரர் விலையைச் சொல்லவே இல்லை. "வாயால சொன்னா நம்ப மாட்டீங்க சார், உள்ள வாங்க" என்று பின்னால் இருந்த ஸ்டாக் ரூமுக்குக் கூட்டிப் போனார். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே எங்களை நிற்க வைத்து டியூப் லைட்டை அணைத்தார். "கண்ணு கொஞ்சம் இருட்டுக்குப் பழகட்டும்" என்றார். பேசிக்கொண்டே இருந்தவர், முகத்துக்கு ஒரு கை தூரத்தில் திடீரென்று பட்டனை அழுத்தினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பச்சையும் ஊதாவுமாக வட்டங்கள் மிதந்தன. சுவரைப் பிடித்துக்கொண்டேன். "ஐயோ, போதும்ண்ணே!" என்று மனைவி கத்தினாள். லைட்டைப் போட்டுவிட்டுச் சிரித்தபடி அவர் சொன்னது இது: "என் கூடப்பொறந்த தங்கச்சிக்கு எதைக் குடுப்பேனோ, அதைத்தான் இந்தத் தங்கச்சிக்கும் குடுக்குறேன்."

அந்த வார்த்தைக்குத்தான் ரூ.5,600 போனது.

அதோடு நிறுத்தினாரா? ஒரு லட்சம் லூமன் (வெளிச்சத்தை அளக்கிற அலகு) என்றார். அமெரிக்க போலீஸ் வைத்திருப்பது என்றார். "ரெண்டு நிமிஷம் அடிச்சீங்கன்னா ஃபிட்ஸ் வந்து விழுந்துருவான்" என்றார். பில் கேட்டதற்கு "எஸ்டிமேட்" என்று அச்சடித்த சீட்டில் கிறுக்கிக் கொடுத்தார். "ஜிஎஸ்டி பில் வேணும்னா பதினெட்டு பர்சென்ட் சேந்துக்கும் சார், உங்களுக்கு எதுக்கு வீண் செலவு?"

வீட்டுக்கு வந்ததும் என் மச்சானைத் திருடனாக நிறுத்தி, தெருவிளக்குக்குக் கீழே ஒத்திகை பார்த்தோம். மனைவி ஸ்ட்ரோப் அடித்தாள். அவன் இடது கையை நெற்றிக்கு மேல் மறைப்பாக வைத்துக்கொண்டான், தலையைக் குனிந்தான், நேராக நடந்து வந்து டார்ச்சை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டான். "அக்கா, கண்ணு கூசுது, அவ்ளோதான்" என்றான். இவளுக்குத்தான் திண்டாட்டம். வெளிச்சம் விட்டு விட்டு வருவதால் அவன் வருவது துண்டு துண்டாகத் தெரிகிறது. எந்தப் பக்கம் நகர்ந்தான் என்று பிடிபடவில்லை என்றாள்.

ஸ்டாக் ரூமில் நடந்தது என்ன என்று அப்போதுதான் உறைத்தது. இருட்டில் கண்மணி நன்றாக விரிந்திருக்கும். அந்த நேரத்தில், அவ்வளவு கிட்டத்தில், எந்த வெளிச்சத்தை அடித்தாலும் கண் கூசத்தான் செய்யும், வட்டங்கள் மிதக்கத்தான் செய்யும். பகலிலோ தெருவிளக்கு வெளிச்சத்திலோ கண்மணி ஏற்கெனவே சுருங்கியிருக்கிறது. "இருட்டுக்குப் பழகட்டும்" என்று அவர் சொன்னது நம் மேல் உள்ள அக்கறையில் இல்லை.

இன்னொரு கூத்து. ஸ்ட்ரோப் வேண்டுமென்றால் வால் பக்கத்து ஸ்விட்சை முதலில் ஒரு அழுத்து அழுத்தினால் முழு வெளிச்சம், மறுபடி அழுத்தினால் மங்கல், அதற்கும் அடுத்து அழுத்தினால்தான் மின்னல். ஒருவன் மேலே வந்து விழும்போது யார் எண்ணி எண்ணி அழுத்திக்கொண்டிருப்பார்கள்? சங்கிலி அறுக்கிறவன் எதிரே வந்து முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறானா என்ன? பின்னாலிருந்து பைக்கில் வருகிறான், ஹெல்மெட் போட்டிருக்கிறான், பின் சீட்டில் இருப்பவன் கையை நீட்டுகிறான், முடிந்தது. டார்ச் அப்போது கைப்பையில் இருக்கும்.

இதெல்லாம் நல்ல ஸ்ட்ரோப் டார்ச்சுக்கும் பொருந்துகிற குறைகள். நியாயமாகச் சொன்னால், நல்ல கும்மிருட்டில், எதிரே வருகிறவன் கண்ணுக்கு நேராகப் பட்டால், ஓடுவதற்கு ஓரிரு நொடி கிடைக்கலாம். அந்த உதவியை விட்டு விட்டு மின்னாத பளீர் வெளிச்சமும் செய்யும். கூடவே யார் நிற்கிறார்கள் என்று நமக்கும் தெரியும், வழியில் கிடக்கிற பாம்பும் தெரியும்.

எங்களுக்குக் கிடைத்தது அந்த அளவுக்குக்கூட இல்லை. சிறிது நேரத்திலேயே வெளிச்சம் மஞ்சள் பூத்து, மின்னல் இழுத்து இழுத்து வந்தது. உள்ளே இருந்த பேட்டரியைக் கழற்றிப் பார்த்தால், மேலே "9900 எம்ஏஎச்" என்று அச்சடித்திருக்கிறது. பேட்டரி எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்கிற அளவு அது. அந்தப் பேட்டரி 18650 என்கிற வகை: 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். அந்த அளவு லித்தியம் பேட்டரியில் பெரிய கம்பெனிகள் நல்லதாகத் தருவதே 3500 எம்ஏஎச் சுற்றித்தான். ஒழுங்கான ஒன்று ஏறக்குறைய 45 கிராம் இருக்கும். மளிகைக் கடைத் தராசில் இதை வைத்தேன்: 29 கிராம். உள்ளே என்ன அடைத்திருக்கிறார்களோ, கடவுளுக்கே வெளிச்சம்.

ஒரு லட்சம் லூமன் கதையையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். காரில் போடும் சாதாரண எச்4 ஹாலஜன் பல்பு ஹைபீமில் ஏறத்தாழ 1,650 லூமன்தான் தரும். எல்இடி ஒரு வாட்டுக்கு 150 லூமன் தருகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், ஒரு லட்சம் லூமனுக்கு 660 வாட்டுக்கு மேல் வேண்டும். நல்ல 18650 பேட்டரியில் இருப்பது மொத்தமே 13 வாட்-மணி, அதாவது 13 வாட் விளக்கை ஒரு மணி நேரம் எரிக்கிற மின்சாரம். ஒரு நிமிடம் சொச்சத்தில் காலி. அதற்குள் டார்ச்சே கையில் பிடிக்க முடியாமல் கொதித்துவிடும்.

அமெரிக்க போலீஸ்? 2007 வாக்கில் அங்கே உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை, மின்னுகிற எல்இடி வெளிச்சத்தால் ஆளைக் குமட்டவும் தள்ளாடவும் வைக்கும் கருவி ஒன்றுக்குப் பணம் போட்டது உண்மை. அது போலீஸ்காரர்கள் இடுப்பில் மாட்டுகிற பொருளாக ஆகவில்லை. ஃபிட்ஸ் பற்றிச் சொன்னதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். 1997-இல் ஜப்பானில் போகிமான் டிவி நிகழ்ச்சியில் வந்த சிவப்பு நீல மின்னலால் நூற்றுக்கணக்கான குழந்தைகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆனால் மின்னும் வெளிச்சத்தால் வலிப்பு வருவது, வலிப்பு நோய் உள்ளவர்களிலேயே நூற்றுக்கு மூன்று பேர் அளவுக்குத்தான். திருடனுக்கு அந்த நோய் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டா நடக்க முடியும்? வீட்டுக் குழந்தைக்கு அந்தப் பிரச்சினை இருந்து, அது விளையாட்டாக எடுத்து அடித்தால் என்ன ஆகும் என்று அவர் யோசித்திருப்பாரா?

சரி, கடைக்குப் போனேன். முதலில், "நைட்டு ஃபுல்லா சார்ஜ் போடுங்க சார், புது பேட்டரி செட் ஆகணும்." போட்டேன், ஆகவில்லை. அடுத்து, ஓனர் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். அப்புறம், சென்னை டிஸ்ட்ரிபியூட்டர் வந்தால்தான் முடிவு. வாட்ஸ்அப்பில் வீடியோ எடுத்து அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. ஆனால் அவர் ஸ்டேட்டஸில் மட்டும் அதே டார்ச், "உங்கள் வீட்டுப் பெண்களுக்கு ஒரு பாதுகாப்புப் பரிசு" என்று தினமும் ஓடுகிறது.

இன்று இருவருமாகப் போனோம். வாரண்டி லைட்டுக்குத்தான், பேட்டரிக்குக் கிடையாது என்றார். பேட்டரி எடையைச் சொன்னேன். "எடை போட்டு வாங்குறதுக்கு இது என்ன தக்காளியா சார்?" கவுண்டரில் இருந்த பையன் சிரித்தான். ரூ.5,600-ஐத் திருப்பிக் கொடுங்கள் என்று மனைவி கேட்டாள். "பணம் ரிட்டர்ன் கிடையாது. வேணும்னா அந்தக் காசுக்குப் பூட்டு ஏதாவது எடுத்துக்குங்க. மேடம், கஸ்டமர் வெயிட் பண்றாங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க." அன்றைக்குத் தங்கச்சி, இன்றைக்கு மேடம்.

வாங்கப் போகிறவர்களுக்கு விரிவாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். கை நடுங்குகிறது, முடிந்ததை எழுதுகிறேன். இருட்டு அறையில் காட்டினால் வெளியே வெயிலில், தெருவிளக்கில் காட்டச் சொல்லுங்கள். லட்சக்கணக்கில் லூமன், 9900 எம்ஏஎச் என்று எழுதியிருந்தால் தொடாதீர்கள். எஸ்டிமேட் சீட்டு வேண்டாம், பில் கேளுங்கள். பில் கொடுக்காமல் விற்பதையும், பில்லில் காலம் குறிப்பிடாதபோது குறைபாடுள்ள பொருளை 30 நாளுக்குள் திருப்பி வாங்கிப் பணம் தர மறுப்பதையும் நேர்மையற்ற வணிகம் என்றே 2019 நுகர்வோர் சட்டம் சொல்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915. ஐந்து லட்சம் வரையான பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கக் கட்டணமும் இல்லை. இரவில் தனியாக நடக்கிறவர்கள் 112 (அவசர உதவி), 181 (பெண்கள் உதவி) இரண்டையும் போனில் போட்டு வையுங்கள், காவல்துறையின் காவல் உதவி செயலியும் இருக்கட்டும்.

நாளைக் காலையில் 1915-க்குத்தான் முதல் போன். என் எஸ்டிமேட் சீட்டில் கார்பன் எழுத்து இப்போதே மங்குகிறது, படம் எடுத்து வைத்துவிட்டேன். இதே மாதிரி டார்ச்சை இதே மாதிரிக் கடையில் வாங்கியவர்கள் இருந்தால் நீங்களும் இன்றைக்கே எடுத்து வையுங்கள்.