பி1 முடித்தாச்சு, கோடையில் ஜெர்மன் படிக்க எங்கே போகலாம்?

மொழித் தேர்ச்சியை ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகளாகப் பிரிப்பார்கள். தொடக்கப் படியான ஏ1 நிலையில் இருப்பவர் எங்கே போய்ப் படித்தாலும் தினமும் ஏதாவது ஏறும். எல்லாமே புதிதுதானே. நடுவில் நின்று முழிப்பவர்கள் பி1, பி2-காரர்கள்தான். இலக்கணம் தெரியும், செய்தித்தாளைத் தட்டுத்தடுமாறிப் படித்துவிடலாம். ஆனால் ரொட்டிக் கடையில் "கெஷ்னிட்டன் ஓடர் அம் ஷ்ட்யூக்?" என்று கேட்டால் கை கால் ஓடாது. துண்டு போட்டுத் தரவா, முழுசாகத் தரவா என்பதுதான் கேள்வி. இரண்டும் பாடப்புத்தகத்தில் படித்த சொற்கள்தான். பின்னால் நான்கு பேர் வரிசையில் நிற்கும்போது அவை ஞாபகத்துக்கு வருவதில்லை. முதல் தடவை நான் அதற்கு "யா" (ஆமாம்) என்று பதில் சொன்னேன். கடைக்கார அம்மா என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு ஆங்கிலத்துக்கு மாறிவிட்டார்.

கோடைக்கால கோர்ஸ்களை நான் ஒப்பிடுவது இந்த இடத்தை வைத்துத்தான். வகுப்பு முடிந்த பிறகு ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஜெர்மனிலேயே கிடந்தாக வேண்டியிருக்கும்? கட்டடம், சான்றிதழ், வார இறுதிச் சுற்றுலா எல்லாம் அப்புறம்.

காரணம் எளிய கணக்கு. ஒன்றுமே தெரியாத நிலையிலிருந்து பி2 வரை வர 45 நிமிட வகுப்புகள் 600 முதல் 800 வரை தேவைப்படும் என்று ஜெர்மன் மொழியை உலகெங்கும் கற்பிக்கும் கோத்தே இன்ஸ்டிட்யூட்டே சொல்கிறது. வாரத்துக்கு 20, 25 வகுப்பு என்று வைத்தால் நான்கு வாரத்தில் 80, அதிகம் போனால் 100. பி1-ஓடு போய் ஒரே மாதத்தில் பி2-ஓடு திரும்புவது நடக்காது. பாதி நிலை நகர்ந்தாலே நல்ல வேகம். மிச்சத்தை வெளியில்தான் சம்பாதிக்க வேண்டும்.

1951-இல் தொடங்கிய கோத்தே இன்ஸ்டிட்யூட்டுக்கு ஜெர்மனியில் பெர்லின், மியூனிக் தொடங்கி ஷ்வேபிஷ் ஹால் என்ற சின்ன ஊர் வரை கிளைகள் உண்டு. நடுநிலை மாணவருக்கு அங்கே பெரிய வசதி, பி1-ஐயும் பி2-ஐயும் உட்பிரிவுகளாக உடைத்து நடத்துவது. உங்களுக்குத் தெரிந்ததையே மறுபடி கேட்டுக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. அவர்களின் பி1, பி2 தேர்வில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதி. தனித்தனியாகவும் எழுதலாம், ஒவ்வொன்றிலும் 100-க்கு 60 எடுத்தால் தேர்ச்சி. குறை என்றால் விலைதான். இன்னொன்று, வகுப்பில் இருப்பவர்கள் அத்தனை பேரும் வெளிநாட்டவர். காபி இடைவேளையில் தானாகவே ஆங்கிலம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பல்கலைக்கழகக் கோடை கோர்ஸ் வேறு ரகம். 1386-இல் தொடங்கிய ஹைடல்பெர்க் பல்கலைக்கழகம் ஆகஸ்டில் நடத்துவதைப் போன்றவை. காலையில் மொழி வகுப்பு, பிறகு இலக்கியம், அரசியல், வரலாறு என்று ஏதாவது. ஒருவர் முக்கால் மணி நேரம் நிறுத்தாமல் பேசுவதைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் பழக்கம் இப்படித்தான் வரும். பி2-காரருக்கு அது வரம். பி1-காரர் பாதியில் ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். ஆனால் விளம்பரப் படத்தில் தெரியாத ஒரு விஷயம் உண்டு. ஆகஸ்டில் அங்கே செமஸ்டர் விடுமுறை. பெரும்பாலான ஜெர்மன் மாணவர்கள் ஊருக்குப் போயிருப்பார்கள், விடுதியில் காலியான அறைகள் உங்களைப் போன்றவர்களுக்கு வரும். பல்கலைக்கழகம் இருக்கும், மாணவர்கள் இருக்க மாட்டார்கள்! பணம் பிரச்சினை என்றால் இந்த ரகம்தான் வழி, ஏனென்றால் டாட் (DAAD) என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் கோடை கோர்ஸ் உதவித்தொகை இதற்குத்தான் கிடைக்கும். கல்லூரி மாணவராக இருக்க வேண்டும், விண்ணப்பத்தை முந்தைய ஆண்டு டிசம்பர் தொடக்கத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

தனியார் பள்ளிகளைப் பற்றி எனக்குக் கசப்பு உண்டு. பெர்லினில் நான் சேர்ந்த ஒன்றில் திங்கள்கிழமைதோறும் புதிதாக இரண்டு பேர் வருவார்கள், வெள்ளிக்கிழமை மூன்று பேர் போவார்கள். ஆசிரியர் ஒவ்வொரு வாரமும் கோன்யுங்டிஃப்-இரண்டை ("போயிருந்தால், செய்திருப்பேன்" போன்ற வினை வடிவம்) முதலிலிருந்து தொடங்குவார். எல்லாப் பள்ளியும் அப்படியில்லை. சேருமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நடுவில் ஆள் சேர்ப்பீர்களா?

மலிவானது உள்ளாட்சி நிர்வாகங்கள் நடத்தும் ஃபோல்க்ஸ்ஹோஹ்ஷூலே, அதாவது பெரியவர்களுக்கான கல்வி மையம். பேச்சில் ஃபௌ-ஹா-எஸ். வகுப்புத் தோழர்கள் அந்த ஊரிலேயே வேலை பார்ப்பவர்கள், புலம்பெயர்ந்து வந்தவர்கள். பலருக்குப் பொதுவான மொழி ஜெர்மன் ஒன்றுதான், அதனால் இடைவேளையிலும் ஜெர்மனே ஓடும். என் அளவுகோலுக்கு இதுதான் முதலிடம் பெற்றிருக்க வேண்டும். ஆனால் அவையும் செமஸ்டர் கணக்கில் நடப்பவை. கோடையில் பல ஊர்களில் வகுப்பு குறைந்துவிடும். கிடைத்தால் விடாதீர்கள்.

நாடு? வியன்னாவை நான் தயங்காமல் சொல்வேன். உருளைக்கிழங்கு எர்ட்எப்ஃபெல் ஆகும், ஜனவரி யென்னர் ஆகும், கடையில் பையை ஸாக்கெர்ல் என்பார்கள். ஒரு வாரத்தில் பழகிவிடும், வகுப்பில் இருப்பது பொது ஜெர்மன்தான். சுவிட்சர்லாந்தை பி1, பி2-இல் தவிர்க்கலாம். எழுத்தில் பொது ஜெர்மன், தெருவில் முழுக்க வட்டார வழக்கு. செலவோ கேட்கவே வேண்டாம்.

பெரிய நகரமா, சின்ன ஊரா என்பதைவிட யாருடன் தங்குகிறோம் என்பது முக்கியம். இதில் தமிழருக்குத் தனிக் கணக்கு ஒன்று. "டஸ் கெஸ்டர்ன் கெகௌஃப்டே பூஹ்" என்ற அமைப்பைப் பார்த்து மற்றவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். நமக்கு அது "நேற்று வாங்கிய புத்தகம்", அதே பெயரெச்சம். வைல் (ஏனென்றால்) வந்தால் வினை கடைசிக்குப் போவதும் நம் வீட்டு வழக்கம்தான். நாம் சறுக்குவது பெயர்ச்சொல்லின் பாலைக் காட்டும் டெர், டீ, டஸ்-இலும், மால், யா, டோஹ் போன்ற குட்டிச் சொற்களிலும். "கொம் மால்" என்பது "வாயேன்". "டு வைஸ்ட் யா" என்பது "உனக்குத்தான் தெரியுமே". நம் ஏகாரமும் தானும் செய்யும் வேலை. கரும்பலகையில் எழுதிப் போட்டு இதைக் கற்றுக்கொடுக்க முடியாது, சமையலறையில்தான் ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாவது முறை போனபோது ஒரு வயதான அம்மா வீட்டில் அறை எடுத்தேன். முதல் நாளே குப்பையிலிருந்து என் தயிர்க் கிண்ணத்தை எடுத்து வந்து, ஒட்டிக்கொண்டிருந்த அலுமினிய மூடியைக் காட்டினார். "டென் டெக்கெல் மால் அப்மாஹென், யா?" மூடியைப் பிய்த்துத் தனியாகப் போடணும், சரியா? இரண்டும் பொதிகளுக்கான மஞ்சள் தொட்டியில்தான், ஆனாலும் தனித்தனியாக. பிரியும் வினைச்சொல் (அப்மாஹென்), மால், யா மூன்றும் ஒரே வாக்கியத்தில். அந்த மாதம் முழுக்க வகுப்பில் படித்த எதையும்விட அது நன்றாக நினைவிருக்கிறது.

ஆகவே பி1 என்றால் சின்ன ஊரில் கோத்தே, வீட்டு அறை. பி2 என்றால் பல்கலைக்கழகம், ஆனால் விடுதியை விட்டுவிட்டு அங்கேயும் வீட்டு அறை. விசா தேவைப்படுபவர்களுக்கு 90 நாளுக்குள் முடியும் கோர்ஸ் என்றால் ஷெங்கன் விசா போதும். என் அனுபவத்தில் வகுப்பில் இடம் தீருமுன் வீட்டு அறைகள் தீர்ந்துவிடும். பதிவுப் படிவத்தில் தங்குமிடம் கடைசிப் பக்கத்தில்தான் இருக்கும். அதைத்தான் முதலில் கேட்டு மின்னஞ்சல் போடுங்கள்.