நேரில் சொல்வதா, வாட்ஸ்அப்பில் எழுதுவதா?

இருபாலீர்ப்புள்ள ஆண் ஒருவர் நண்பனிடம் அதை முதன்முதலாகச் சொல்லும்போது, யாழ்ப்பாணத்தில் நேரில் சொல்வதே நல்லது. எழுதியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் மாலைக்குள் கனடாவிலுள்ள சித்தியின் போனுக்கும் போய்விடும். மறையும் மெசேஜ் போட்டாலும் இன்னொரு போனால் படம் பிடிக்கலாம். வொய்ஸ் மெசேஜ் இன்னும் மோசம், குரலை மறுக்க முடியாது.

நேரில் என்றால் வீட்டு விறாந்தை வேண்டாம், சுவருக்கும் காதுண்டு. பண்ணைப் பாலத்தடியில் காற்றுக்குள் நடந்தபடி கதைக்கலாம். "மச்சான், எனக்குப் பொம்பிளையளிலயும் விருப்பம் வரும், ஆம்பிளையளிலயும் வரும். ஒருத்தருக்கும் சொல்லாத" என்றால் போதும். "அப்ப ரெண்டு பேரையும் வைச்சிருப்பியோ?" என்று கேட்பான். ஈர்ப்பு வேறு, துணைக்கு உண்மையாயிருப்பது வேறு. "கலியாணம் கட்டினால் மாறிடும்" என்பதும் பிழை. பெண்ணைக் கட்டினாலும் இருபாலீர்ப்பு அப்படியே இருக்கும்.

எழுத்துக்கும் ஒரு பயனுண்டு: நண்பன் வெளிநாட்டில் இருந்தால், அல்லது வாய் தடுமாறினால். அப்போதும் ஈர்ப்பைப் பற்றி மட்டும் எழுதுங்கள்; ஆளின் பெயர், படம், சந்தித்த இடம் வேண்டாம். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு பாலியல் செயலைத்தான் குற்றமாக்குகிறது, ஈர்ப்பையல்ல.

கலியாணம் பேசும் பெண்ணுக்கென்றால் எழுதவே வேண்டாம். தாலிக்குப் பொன் உருக்கும் பொன்னுருக்கல் சடங்குக்கு முன், நேரில்.