எடை மிஷினா, கலோரி ஆப்பா, இஞ்ச் டேப்பா?

எடையைக் குறைக்கக் கிளம்புகிறவர்கள் எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது என்று மண்டையைக் குடைந்துகொள்வார்கள். எதை அளப்பது என்று யோசிப்பவர்கள் குறைவு. மூன்றாவது மாதத்திலும் ஒருவர் விடாமல் தொடர்கிறாரா என்பதற்கான விடை பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது. ஏதாவது ஒரு எண் அடிக்கடி கண்ணில் பட்டுக்கொண்டிருந்தால் பழக்கம் நிற்கும். அந்த எண்ணே ஆளைச் சோர வைத்துவிட்டால் பழக்கமும் கூடவே போய்விடும்.

வழக்கத்தில் இருக்கும் வழிகள் நான்கு: சாப்பிட்டதையெல்லாம் கலோரி ஆப்பில் பதிவது, தினமும் எடை பார்ப்பது, டேப் வைத்து இடுப்பை அளப்பது, வாட்ச் கட்டி நடையை எண்ணுவது. நான் தேர்ந்தெடுத்தது எடை மிஷின். அதனால் இந்த அலசலும் அந்தப் பக்கம்தான் சாயும்.

முதலில் கலோரி ஆப். கொள்கையளவில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. உள்ளே போவதை நேரடியாக அளப்பது இது ஒன்றுதான். ஒரு கிலோ உடல்கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. நாளொன்றுக்கு 500 கலோரி குறைத்தால் வாரத்தில் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இறங்க வேண்டும். பள்ளிக்கூடக் கணக்குதான், சிக்கல் எதுவும் இல்லை.

சிக்கல் அடுப்படியில் வருகிறது. பாக்கெட் ரொட்டியும் டப்பாத் தயிரும் சாப்பிடுகிற ஊருக்கு இந்த ஆப் பொருந்தும். அட்டையைக் காட்டினால் கணக்கு வந்துவிடும். நம் வீட்டில் குழம்பு, ரசம், பொரியல் என்று மூன்று பாத்திரம், அதற்கு இரண்டு தாளிப்பு. சமைப்பவர் ஒருவர், கணக்கெழுதுபவர் இன்னொருவர். “எவ்வளவு எண்ணெய் விட்டீங்கம்மா?” என்று கேட்டால், “கண் அளவுதான்டா, எப்பவும் விடுறதுதான்” என்று பதில் வரும். ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் ஏறக்குறைய 120 கலோரி. அந்தக் கண் அளவு இரண்டு ஸ்பூன் தவறினாலே, நாள் முழுக்கக் கணக்குப் பார்த்து மிச்சம் பிடித்ததில் பாதி போய்விடும்.

ஒழுங்காகச் செய்ய வழி இருக்கிறது. வெறும் பாத்திரத்தைச் சமையலறைத் தராசில் நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ள வேண்டும். பருப்பு, எண்ணெய், தேங்காய் மூன்றையும் நிறுத்துப் போட வேண்டும். குழம்பு இறக்கியதும் பாத்திரத்தோடு நிறுத்து, பாத்திர எடையைக் கழிக்க வேண்டும். பிறகு நம் தட்டில் விழுந்த கரண்டி எத்தனை கிராம் என்று பார்த்தால் விகிதம் கிடைத்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்து பார்க்கலாம். தினம் மூன்று பாத்திரத்துக்குச் செய்ய எந்த வீட்டில் ஆளிருக்கிறது?

இன்னொரு பொறி, அரிசி. வேகாத அரிசி 100 கிராமுக்குச் சுமார் 350 கலோரி. வடித்த சாதம் 100 கிராமுக்குச் சுமார் 130. ஆப்பில் இரண்டும் அடுத்தடுத்த வரியில் கிடக்கும். 250 கிராம் சாதத்தைத் தெரியாமல் அரிசிக் கணக்கில் ஏற்றினால் 325க்குப் பதில் 875 என்று காட்டும். மதியமே நாளின் கணக்கு முடிந்துவிட்டது என்று நினைத்து ராத்திரி பட்டினி கிடந்தவர்களும், மறுநாள் காலை அதற்கும் சேர்த்துப் பூரியை வெளுத்துக் கட்டியவர்களும் உண்டு.

ஆனாலும் ஆப்பை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். இரண்டு வாரம் மட்டும் எழுதிப் பார்த்தால் போதும், பெரிய ஓட்டைகள் தெரிந்துவிடும். மூன்று டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 30 கிராம், 120 கலோரி. மாலை ஆபீஸ் டீயோடு வரும் பஜ்ஜி, ராத்திரி இரண்டாம் தடவை போட்டுக்கொள்ளும் சாதம் எல்லாம் எழுதினால்தான் உறைக்கும். எழுதிப் பார்த்துவிட்டு மூடிவிடலாம்.

இனி முக்கியமான விஷயம். நான்கில் எதைப் பிடித்துக்கொள்வது என்பதைத் துல்லியம் தீர்மானிப்பதில்லை, பராமரிப்புதான் தீர்மானிக்கிறது. அதிலும் குறிப்பாக, நடுவில் விட்டுப்போனால் திரும்ப வர எவ்வளவு பாடு என்பது. விட்டுப்போவது உறுதி. தீபாவளி வரும், கல்யாண வாரம் வரும், காய்ச்சல் வரும், பிள்ளைகளுக்குப் பரீட்சை வரும்.

ஆப்பில் ஐந்து நாள் விட்டால் ஐந்து வெற்று நாள். கல்யாண வீட்டு இலையில் என்ன இருந்தது, எவ்வளவு சாப்பிட்டோம் என்று நினைவிலிருந்து நிரப்ப முடியாது. வரிசையாக ஓடிவந்த நாள் எண்ணிக்கையையும் பல ஆப்கள் பூஜ்ஜியத்துக்குத் தள்ளிவிடும். இனி எதற்கு என்ற எண்ணம் அங்கேதான் முளைக்கிறது. எடை மிஷினுக்கு இந்த நினைவெல்லாம் கிடையாது. பத்து நாள் கழித்து ஏறினாலும் அன்றைய நிலவரத்தைச் சொல்லும். விட்டுப்போன நாட்களின் விளைவும் அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கிறது, எதையும் நிரப்ப வேண்டியதில்லை. செலவு பத்து வினாடி.

இதற்கு ஆதாரமும் ஓரளவு உண்டு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் செய்து 2010இல் வெளியான ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமல் செய்யும் பழக்கமாக மாற 18 முதல் 254 நாட்கள் வரை பிடித்தது. நடுமட்டம் 66 நாள். 21 நாள் போதும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பி 22ஆம் நாள் மனம் உடையத் தேவையில்லை. நடுவே ஒரு நாள் தவறுவது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. ஆகவே ஒரு நாள் தவறியதற்குத் தண்டனை தராத கருவியே நல்ல கருவி. அமெரிக்காவில் 1994இல் தொடங்கிய தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேட்டில் இருப்பவர்கள், குறைந்தது 13.6 கிலோ குறைத்து ஓராண்டாவது அதைக் காப்பாற்றியவர்கள். அவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் வாரம் ஒரு முறையாவது எடை பார்க்கிறார்கள். தாங்களாக முன்வந்து சேர்ந்தவர்கள் என்பதால், எடை பார்த்ததால்தான் குறைந்தது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. பழக்கம் ஒத்துப்போகிறது, அவ்வளவுதான்.

எடை மிஷினுக்கும் ஒரு பெரிய குறை உண்டு. அது ஆடும். ஒரே நாளில் ஒரு கிலோ ஏறும், இறங்கும். இந்த ஆட்டத்தைப் பார்த்து வெறுத்துத்தான் பலர் மிஷினைக் கட்டிலுக்கடியில் தள்ளுகிறார்கள். மருந்து, வார சராசரி.

ஒரு வாரத்தை எடுத்துக்கொள்வோம். சனி 78.4, ஞாயிறு 78.1. ஞாயிறு மதியம் கல்யாண விருந்து. திங்கள் காலை 79.2! செவ்வாய் 79.0, புதன் 78.6, வியாழன் 78.2, வெள்ளி 77.9. திங்களன்று மட்டும் பார்த்தவருக்கு உலகமே இருண்டுவிடும். ஆனால் அந்த 1.1 கிலோவும் கொழுப்பாக இருக்க வேண்டுமானால், செலவழித்தது போக எட்டாயிரம் கலோரிக்கு மேல் ஒரே நாளில் உள்ளே போயிருக்க வேண்டும். எந்தப் பந்தியிலும் அது நடக்காது. ஏறியது தண்ணீர். அப்பளம், ஊறுகாய், வத்தக்குழம்பு உப்பு நீரைப் பிடித்துவைக்கும். சோறும் இனிப்பும் உடலில் கிளைகோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையாகச் சேரும்போது கிராமுக்கு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். இந்த வாரத்தின் சராசரி 78.5. அடுத்த வாரச் சராசரி 78.1 என்றால் வண்டி சரியான திசையில் போகிறது. திங்கட்கிழமை எண்ணுக்கு மதிப்பே இல்லை.

சோற்றை அடியோடு நிறுத்துகிறவர்களுக்கு முதல் வாரமே இரண்டு கிலோ இறங்குவதும் இதே தண்ணீர்தான். அதைப் பார்த்துக் குதிப்பவர்தான், நான்காம் வாரத்தில் எண் நின்றதும் முதலில் கைவிடுபவர்.

பெண்களுக்கு மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் நீர் சேர்ந்து ஒரு கிலோவுக்கு மேலும் ஏறலாம். போன வாரத்தோடு ஒப்பிடாமல், போன சுழற்சியின் அதே வாரத்தோடு ஒப்பிட்டால் குழப்பம் தீரும்.

செய்முறை எளிது. காலையில் எழுந்து, கழிவறை போய்வந்து, தண்ணீரோ காபியோ குடிப்பதற்கு முன், ஒரே மாதிரி உடையில் ஏற வேண்டும். மிஷின் எப்போதும் ஒரே டைல்ஸ் மேல் இருக்கட்டும். பாய், கால்மிதி மேல் வைத்தால் தவறாகக் காட்டும். எண்ணை உடனே எழுத, கட்டம் போட்ட மாதக் காலண்டர் வேண்டும். நாள்காட்டியில் எழுதாதீர்கள், மறுநாள் காலை வீட்டில் யாராவது கிழித்துவிடுவார்கள். வெள்ளிக்கிழமை ஏழையும் கூட்டி ஏழால் வகுக்க வேண்டும். நான்கு நாள்தான் எழுதினீர்கள் என்றால் நான்கால் வகுத்தால் போயிற்று.

வாங்கும்போது 100 கிராம் வித்தியாசம் காட்டும் டிஜிட்டல் மிஷினே போதும். சில மிஷின்கள் உடனே மறுபடி ஏறினால் பழைய எண்ணையே நினைவில் வைத்துக் காட்டி ‘துல்லியமாக’ நடிக்கும். சோதிக்க, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறுங்கள். ஒரு கிலோவும் சொச்சமும் கூட வேண்டும். கூடுதல் காசு கொடுத்துக் கொழுப்புச் சதவீதம் காட்டும் மிஷின் வாங்கத் தேவையில்லை. அது பாதம் வழியே லேசான மின்சாரம் செலுத்தி ஊகிக்கிறது. உடலில் நீர் கூடிக் குறைந்தால் அந்த ஊகமும் மாறும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அதில் ஏறவே கூடாது.

மூன்று வாரச் சராசரி அசையாமல் நின்றால் ஒன்றே ஒன்றை மாற்றுங்கள். மதியச் சாதத்தில் 100 கிராம், அல்லது இரண்டாவது டீயின் சர்க்கரை. ஒரே நேரத்தில் நாலைந்தை மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது. சமையல் எண்ணெயை அளக்க ஆப் வேண்டாம், மளிகை பில் போதும். நான்கு பேர் வீட்டில் மாதத்துக்கு ஒரு லிட்டர் குறைந்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 70 கலோரி குறைகிறது. அம்மாவிடம் ஸ்பூன் கணக்குக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்ளவும் வேண்டாம்.

இஞ்ச் டேப்பைப் பற்றிச் சுருக்கமாக. உடல்நலக் கோணத்தில் எடையைவிட இடுப்பளவு முக்கியமான எண். இந்தியர்களுக்கு ஆண்கள் 90 செ.மீ., பெண்கள் 80 செ.மீ. என்பது எல்லை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட பிறகு, வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். பேண்ட் சைஸ் கணக்கில் சேராது, தொப்பைக்குக் கீழே பேண்ட் கட்டுகிற ஊர் இது. டேப் பிடிக்கும் இடம் கொஞ்சம் மாறினாலே ஒரு செ.மீ. மாறும் என்பதால் தினமும் அளந்து பயனில்லை. மாதம் ஒரு முறை போதும். எடை தூக்கும் பயிற்சி செய்கிறவர்களுக்கு மட்டும் எடை நின்று இடுப்பு குறையலாம், அங்கே டேப்பை நம்புங்கள்.

வாட்ச் பற்றிச் சொல்ல எனக்குப் பழக்கம் போதாது. தெரிந்தவரை, நடக்கத் தூண்டுவதற்கு நல்லது. அது காட்டும் ‘எரித்த கலோரி’யை நம்பிச் சாப்பிட்டால் மோசம். 2017இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, கலோரிக் கணக்கில் இருப்பதிலேயே நல்லதுகூடச் சராசரியாக 27% தவறியது. பத்தாயிரம் அடி என்ற இலக்கும் 1965இல் ஜப்பானில் விற்ற ஒரு நடைமானியின் பெயரிலிருந்து வந்தது. ஆறாயிரத்தில் நின்ற நாளைத் தோல்வி என்று எழுத வேண்டாம்.

மிஷின் எல்லோருக்கும் ஆகாது. காலையில் எண்ணைப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டையே தவிர்க்கிற சுபாவம் இருந்தால் டேப்போடு நிறுத்திக்கொள்வது நல்லது. இன்சுலினோ சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பவர்கள், சாப்பாட்டைக் குறைப்பதற்கு முன் மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு இரண்டு மூன்று நாளில் கிடுகிடுவென ஏறும் எடை, உடலில் நீர் தேங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். அவர்கள் வார சராசரிக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இலக்கைத் தொட்ட பிறகும் மிஷினைத் தூக்கி உள்ளே வைக்காதீர்கள். எட்டிய சராசரிக்கு மேல் இரண்டு கிலோ என்று காலண்டர் ஓரத்தில் ஒரு எண்ணை எழுதிவையுங்கள். வார சராசரி அதைத் தாண்டினால் ஒரு வாரத்துக்கு மட்டும் கலோரி ஆப்பைத் திறந்து, எந்த ஓட்டை மறுபடி திறந்திருக்கிறது என்று பாருங்கள். அடைத்ததும் ஆப்பை மூடிவிடலாம்.